வந்தனரா, வந்தனவா? – ஓர்க்குகள் எந்தத் திணை?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியம் பற்றியோ ஈழத்துச் சிறுகதை பற்றியோ பேசவேண்டிய ஒரு தமிழாசிரியன், ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் கற்பனையிற் படைத்த மலைவாழ் இனமொன்றைப் பற்றி ஏன் பேச வருகிறான் என்று உங்களுட் சிலர் எண்ணலாம். அதற்குக் காரணம் என் வகுப்பில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம். அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

தரம் எட்டு மாணவருக்குத் திணை, பால் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உயர்திணைக்கு ஐந்து, அஃறிணைக்கு ஐந்து உதாரணம் எழுதுமாறு கூறினேன். ஒரு மாணவன் அஃறிணைப் பட்டியலில் ஆடு, மரம், மலை, கதிரை என்று எழுதிவிட்டு, ஐந்தாவதாக 'ஓர்க்' என்று எழுதியிருந்தான். என்னவென்று கேட்டேன். 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' படத்தில் வருகின்ற அரக்க இனம் என்றான். "அது ஏன் அஃறிணை?" என்றேன். "சேர், அதுகள் சேத்துக்குள்ளையிருந்து வாறதுகள். வெட்டிக் கொல்லுறதுக்கெண்டே வாறதுகள்" என்றான். வகுப்பு சிரித்தது. அப்போது பின் வாங்கிலிருந்து இன்னொருவன் எழுந்து, "ஏன் சேர், அவைக்கு அம்மா இல்லையோ?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்கு முன்னர் மணி அடித்துவிட்டது. மணி அடித்தது எனக்கு வசதியாகவே இருந்தது. ஏனெனில் என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை.

நேயர்களே, இது விளையாட்டுக் கேள்வியன்று. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அம்மொழியில் மனிதர் வந்தாலும் மாடுகள் வந்தாலும் வினைச்சொல் ஒன்றே. தமிழிலோ ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நாம் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். 'வந்தனர்' என்றால் ஒரு தீர்ப்பு, 'வந்தன' என்றால் இன்னொரு தீர்ப்பு. மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் அடக்குவார் நன்னூலார். நரகத்தில் உழல்பவருக்கே உயர்திணை கிடைக்குமாயின், மலைக்குகையில் வாழும் ஓர்க்குகளுக்கு என்ன முடிபு கொடுப்பது? இதற்கு விடை காணும்வரை என் மாணவனைப் பின்பற்றி அஃறிணை முடிபையே கையாளுகிறேன். முடிவில் அதை மாற்ற வேண்டுமா என்று பார்ப்போம்.

முதலில் படைத்தவரைப் பற்றிச் சில சொற்கள். ஜே. ஆர். ஆர். ரொல்கீன் 1892ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, 1973இல் மறைந்தவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1925 முதல் பழைய ஆங்கிலத்துக்கும், பின்னர் 1945 முதல் 1959 வரை ஆங்கில மொழி இலக்கியத்துக்கும் பேராசிரியராக விளங்கியவர். நம்மைப் போல மொழியாசிரியர். 'த ஹொபிட்' என்னும் சிறுவர் நாவல் 1937இலும், 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என்னும் பெருநாவல் மூன்று பாகங்களாக 1954, 1955 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. இவற்றுக்கு முற்பட்ட காலத்துப் புராணமான 'சில்மரிலியன்' அவர் மறைவின் பின் 1977இல் அவருடைய மகன் கிறிஸ்தோபரினால் பதிப்பிக்கப்பட்டது.

'ஓர்க்' என்ற சொல்லை அவர் வெறுமனே புனையவில்லை. 'பியோவுல்ஃப்' என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தில், கொலைகாரனான காயினின் வழித்தோன்றிய தீய பிறவிகளின் பட்டியலில் இச்சொல்லின் ஒரு வடிவம் இடம்பெறுகின்றது. அக்காவியத்தின் கையெழுத்துப் பிரதி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையுடையது. அதனை வாழ்நாள் முழுவதும் கற்பித்த ரொல்கீன், 1936இல் அதைப் பற்றி ஆற்றிய புகழ்பெற்ற விரிவுரையில், காவியத்தின் அரக்கப் பிறவிகளை ஒதுக்கிவிட்டு வரலாற்றுச் செய்திகளை மட்டும் தேடிய அறிஞர்களோடு வாதிட்டார். அரக்கர்தாம் காவியத்தின் மையம் என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே அவருடைய சொந்த அரக்கர் அச்சேறினர்.

'ஹொபிட்' நாவலில் இவ்வினத்துக்கு 'கொப்ளின்' என்று பெயர். பிற்பட்ட நாவலில் 'ஓர்க்' என்ற பெயரே மேலோங்கியது. இரண்டும் ஒன்றே. 1872இல் வெளிவந்த ஜோர்ஜ் மக்டொனால்டின் சிறுவர் நாவலொன்றில் மலைக்கு அடியில் வாழும் கொப்ளின்கள் வருகின்றன. அவற்றின் பாதங்கள் மென்மையானவை. தமது கொப்ளின்கள் மக்டொனால்டுக்குக் கடன்பட்டவை என்று ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்ட ரொல்கீன், அந்த மென்பாதங்களை மாத்திரம் தாம் ஒருபோதும் நம்பியதில்லை என்றும் எழுதினார். கற்பனைப் பிறவியின் பாதம் பற்றிக் கூட ஒருவருக்கு உறுதியான கருத்து இருந்தால், அவர் அப்பிறவியை உடலுள்ள உயிராகவே கருதியிருக்கிறார் என்பது பெறப்படும்.

இனி அவ்வுடலையும் வாழ்வையும் நோக்குவோம்.

ரொல்கீனின் மத்திய பூமியை வடக்குத் தெற்காகப் பிளந்து நிற்பது மூடுபனி மலைத்தொடர். 1911இல், பத்தொன்பது வயது இளைஞனாகச் சுவிற்சர்லாந்து மலைகளில் நடந்து திரிந்த அனுபவமே 'ஹொபிட்' நாவலின் மலைப்பயணத்துக்கு அடிப்படை என்று அவரே பின்னர் கூறியுள்ளார். இம்மலைத்தொடரின் அடிவயிற்றிலேதான் ஓர்க்குகளின் சுரங்க நகரங்கள் உள்ளன. வடக்கே குண்டபாத் என்னும் மலை அவற்றின் தலைநகர். தெற்கே மோரியா, குள்ளர் இனத்தவரிடமிருந்து பறிபோன பெரு நகரம்.

இவற்றின் உடல் ஒரே வார்ப்பன்று. வளைந்த கால்களும் நிலத்தைத் தொடுமளவு நீண்ட கைகளும் கொண்டவை உண்டு. மோப்பம் பிடித்துத் தடம் காணும் சிற்றுடல் இனம் உண்டு. போருக்கென்றே வளர்க்கப்பட்ட பேருடல் இனம் 'உறுக்' எனப்படும். மலை ஓர்க்குகளின் பெரிய பலவீனம் சூரியன். வெயில் பட்டால் அவற்றின் கால்கள் தள்ளாடும், தலை சுற்றும். இருளுக்கும் குகைக்கும் பழகிப்போன உடலின் நியதி அது.

இனப்பெருக்கம் எவ்வாறு? இங்கேதான் என் மாணவனின் சேறு பிழைக்கின்றது. சேற்றிலிருந்து எழுந்து வரும் காட்சி 2001இல் வெளிவந்த திரைப்படத்துக்கு உரியது. 'சில்மரிலியன்' சொல்வது வேறு. அங்கே ஓர்க்குகள் மற்றைய மக்களைப் போலவே உயிர் கொண்டவை, அவர்களைப் போலவே பெருகுபவை. 'ஹொபிட்' நாவலில் பாதாள ஏரியில் வாழும் கொலம், சில மணி நேரத்துக்கு முன் பிடித்துத் தின்ற கொப்ளின் குட்டியொன்று கீச்சிட்டதை நினைத்துக்கொள்கிறான். குட்டி என்றால் பெற்ற தாய் ஒருத்தி இருக்கவேண்டும். அந்த இரவில் மலைக்கடியில் அவள் தன் பிள்ளையைத் தேடியிருக்கவும் கூடும். நாவல் அவளிடம் போகவில்லை. வாசகரும் போவதில்லை.

தந்தை, மகன் உறவு வெளிப்படையாகவே உண்டு. மோரியாவின் ஓர்க்குத் தலைவன் அஸோக், குள்ளர்களின் மன்னன் ஒருவனைக் கொன்றதால் மூண்ட போர் ஆறு ஆண்டுகள் நீடித்தது. மூன்றாம் யுகத்தின் 2799ஆம் ஆண்டில், மோரியாவின் வாயிலில் அஸோக் கொல்லப்பட்டான். அவனுடைய மகன் போல்க், 2941இல் நடந்த ஐந்து படைகளின் சமரில் வடபுலத்து ஓர்க்குப் படையை நடத்தி வந்து மாண்டான். தந்தை இறந்து 142 ஆண்டுகளின் பின்! அவ்வளவு நீண்ட ஆயுள். பார்த்தீர்களா நேயர்களே, 'தலைவன்', 'கொல்லப்பட்டான்', 'மாண்டான்' என்று என் வாயில் உயர்திணை வந்துவிட்டது. பெயரும் தந்தையும் உள்ள ஒன்றை 'மாண்டது' என்று சொல்ல நாக்கு மறுக்கின்றது. சரி, மேலே செல்வோம்.

உணவைப் பற்றிச் சொல்வதானால், குதிரை, கழுதை தொடக்கம் அதனினும் கொடியவை வரை எதையும் தின்பவை. என்றும் பசித்திருப்பவை. ஆனால் பெருநாவலில் ஓரிடம் உண்டு. எதிரியின் கோட்டையில் சிறைப்பட்டு மீண்ட புரோடோ, தோழன் சாமிடம் இவ்வினத்தின் இயல்பை விளக்குகிறான். இருளின் தலைவனால் எதையும் புதிதாகப் படைக்க இயலாது. இருப்பதைக் கெடுக்க மட்டுமே இயலும். ஆகவே ஓர்க்குகளும் உயிர் வாழ வேண்டுமாயின் ஏனைய உயிர்கள் போலத்தான் வாழவேண்டும். வேறு கிடைக்காவிடில் கெட்ட நீரையும் கெட்ட இறைச்சியையும் அவை ஏற்கும், நஞ்சை ஏற்கா. இதுதான் அவன் விளக்கத்தின் சாரம். நூல் முழுவதிலும் ஓர்க்குகளின் உயிரியல் பற்றி இதனைவிடத் தெளிவான கூற்று இல்லை எனலாம்.

கைத்தொழிலில் இவை சாமானியமானவையல்ல. சுரங்கம் அகழ்வதில் மிகத் தேர்ந்த குள்ளர் தவிர்ந்த ஏனையோருக்கு இணையானவை. சம்மட்டி, கோடரி, வாள், கிடுக்கி, சித்திரவதைக் கருவி எல்லாம் செய்யவல்லவை. அழகான பொருளெதையும் செய்வதில்லை, சாமர்த்தியமான பொருட்களைச் செய்கின்றன என்பது ஆசிரியர் கூற்று. பெருந்தொகையானோரை ஒரேயடியாகக் கொல்லும் பிற்காலப் பொறிகள் சிலவற்றை இவையே கண்டுபிடித்திருக்கவும் கூடும் என்று அவர் கிண்டலாகச் சேர்த்துக்கொள்கிறார். 1916இல் ஸோம் சமரில் பதுங்குகுழிக்குள் இருந்தவர் எழுதிய வாக்கியம் அது. 1918 ஆகும்போது தமது நெருங்கிய நண்பர்களுள் ஒருவர் தவிர மற்றெல்லோரும் இறந்துவிட்டனர் என்று அவர் பின்னாளைய முன்னுரையொன்றில் எழுதியுள்ளார். அந்தக் கிண்டலின் அடியில் கிடக்கும் துயரம் நமக்கு விளங்காததல்ல.

வைத்தியமும் உண்டு. கைதியான மெரி என்ற ஹொபிட்டின் நெற்றிக் காயத்துக்கு உக்லூக் என்ற படைத்தலைவன் கரிய களிம்பு பூசுகிறான். காயம் ஆறிவிடுகின்றது, தழும்பு மட்டும் நிலைக்கின்றது. சோர்ந்தவரை எழுப்பும் காரமான பானமும் அவற்றிடம் உண்டு. அன்பினாற் செய்த வைத்தியமன்று; கைதியை ஓடவைக்கச் செய்தது. எனினும் வைத்தியம் தெரிந்திருக்கின்றது. பாட்டும் உண்டு. நடைக்கும் சாட்டைக்கும் தாளம் போட்டுப் பாடுகின்றன. பழமை பற்றிய நினைவும் உண்டு. யுகக்கணக்காகக் காணாமற்போயிருந்த எதிரியின் வாளை ஒரே பார்வையில் அடையாளம் கண்டு, தம் முன்னோர் அதற்கு இட்ட பட்டப்பெயரைச் சொல்லி அலறுகின்றன. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வாய்மொழி வரலாறு இல்லாமல் இது நிகழாது.

மொழியாசிரியன் என்ற வகையில் என்னை மிகவும் ஈர்த்தது இவற்றின் பேச்சு. ஓர்க்குகளுக்குத் தமக்கென ஒரு மொழி இல்லை; பிறர் மொழிகளிலிருந்து எடுத்துத் தம் விருப்பப்படி சிதைத்துக்கொண்டன என்பது நூலின் பின்னிணைப்பு தரும் செய்தி. குழுவுக்குக் குழு, குடியிருப்புக்குக் குடியிருப்பு வழக்கு வேறுபட்டதால் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரிவதில்லை. சவுரோன் என்னும் இருள் தலைவன் தன் அடிமைகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழியை வலிந்து படைத்தான், அது நிலைக்கவில்லை. 'நெருப்பு' என்பதற்கான 'காஷ்' போன்ற சில சொற்களே பரவின. அதிகாரம் ஆணையிட்டுப் பரப்ப முனைந்த மொழியை அடிமைகளே பேசாது விட்டுவிட்டார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. பெரிய ஓர்க்குகள் சிறியவற்றை 'ஸ்நாகா' என்று அழைக்கும். அடிமை என்று பொருள். அவற்றுள் ஒன்றுக்கு நாம் அறியும் பெயரே அதுதான்.

மூன்று திசைகளிலிருந்து வந்த மூன்று கூட்டங்கள் கைதிகளோடு ஓடும் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்று சருமானின் படை, ஒன்று மோர்டோரின் படை, மூன்றாவது நமது மலைவாசிகள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாததால் பொதுமொழியில் சண்டையிடுகின்றன. அதனால் கைதியான பிப்பினுக்கும் எல்லாம் விளங்குகின்றது. தலைவர்கள் கைதிகளை எங்கே கொண்டுபோவது என்று வாதிடும்போது மலையிலிருந்து வந்த ஒன்று குறுக்கிட்டுத் தன் நியாயத்தைச் சொல்கிறது. எங்கள் ஆட்களைக் கொன்றதற்குப் பழிவாங்கவே சுரங்கத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தோம். அது முடிந்ததும் வடக்கே திரும்பிப் போக வேண்டும் என்பது அதன் கட்சி. அதற்கு அரசியல் இல்லை. மோதிரமும் அதற்கு வேண்டாம். செத்த உறவினருக்குப் பழி, பிறகு வீடு. அதற்குக் கிடைப்பதோ ஏளனமும் வெயிலும் மரணமும்தான்.

இன்னுமொரு உரையாடல். மோர்டோரின் எல்லை மலைக்கணவாயில் ஷக்ரட், கோர்பாக் என்னும் இரு தலைவர்கள் சந்திக்கிறார்கள். இங்கே அஃறிணை முடிபு எனக்கு முற்றாகக் கைவிட்டுவிட்டது, மன்னியுங்கள். போர் முடிந்தால் நம்பிக்கையான சில பொடியன்களோடு எங்காவது போய், பெரிய முதலாளிமார் எவருமில்லாத இடத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று கனவு காண்கிறார்கள். பிறகு, சிலந்தியின் வலையில் கிடந்த புரோடோவைப் பற்றிப் பேச்சு வருகின்றது. துணைக்கு வந்த வீரன் தன் தோழனை இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டானே என்று இகழ்கிறார்கள். ஆக, தோழனைக் கைவிடுவது இழிவு என்பது அவர்களுக்குத் தெரியும்! ஆனால் அடுத்த மூச்சிலேயே, தமது சொந்தத் தோழன் உஃப்தாக் அதே வலையில் உயிரோடு தொங்கியதைக் கண்டும் காணாதவராய் விட்டு வந்ததைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிறிது நேரத்தில், ஒரு வெள்ளிக் கவசத்துக்காக இருவருடைய ஆட்களும் ஒருவரையொருவர் வெட்டி மடிகிறார்கள். கனவு அதோடு முடிந்தது.

அறம் தெரியாத இனமாக ரொல்கீன் இதைப் படைக்கவில்லை. அறத்தின் அளவுகோல் கையில் இருக்கின்றது. அதைத் தம்மீது வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் செத்துவிட்டது. மற்றவன் கைவிட்டால் துரோகம், நாம் கைவிட்டால் வேடிக்கை. இந்த நோய் ஓர்க்குகளுக்கு மட்டும் உரியதா என்பதை நேயர்களின் சிந்தனைக்கு விடுகிறேன்.

இவ்வளவு எழுதிய ரொல்கீனுக்கு ஓர்க்குகளின் தோற்றம் பற்றி இறுதிவரை ஒரு முடிவு எட்டவில்லை. இருளின் முதல் தலைவன் சிறைபிடித்த தேவகணம் போன்ற எல்வ் இனத்தவரைச் சித்திரவதையால் உருக்குலைத்து ஆக்கியவை என்பது 'சில்மரிலியன்' தரும் விளக்கம். அவை தம்மை அவ்வாறாக்கிய தலைவனை உள்ளத்தின் ஆழத்தில் வெறுத்தன என்றும் அந்நூல் சொல்கிறது. பிற்காலத்தில் மனிதரிலிருந்து வந்தனவா, விலங்குகளிலிருந்தா என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். அவரைத் தொல்லைப்படுத்தியது ஓர் அறக்கேள்வி. தீமை படைக்காது என்றால், ஓர்க்குகளின் உயிர் எங்கிருந்து வந்தது? அவ்வுயிர் மீட்சிக்கு உரியதா? 1954இல் எழுதி அனுப்பாமல் விட்ட கடித நகலொன்றில், இவை இயல்பாகவே தீயவை என்று எழுதியவர், மீட்கமுடியாத தீயவை என்றே எழுத வந்ததாகவும், அது எல்லை மீறியதாகும் என்று நிறுத்திக்கொண்டதாகவும் குறிப்பிடுகிறார். 1993இல் வெளிவந்த அவருடைய பிற்காலக் குறிப்புகளில் இதனினும் தெளிவான செய்தி உண்டு. ஓர்க்குகளோடு கடுமையாகப் போர் புரியலாம். ஆனால் அவற்றின் கொடுமையைப் பின்பற்றலாகாது. கைதிகளை வதைக்கலாகாது. சரணடைந்து உயிர்ப்பிச்சை கேட்டால், நமக்கு இழப்பு நேரினும் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். இதுவே பண்டைய ஞானியர் விதித்த சட்டம் என்று எழுதிவைத்தார்.

ஆனால் நாவலில் அச்சட்டம் ஒருமுறையேனும் நிறைவேறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோட்டைச் சமரின் பின் சரணடைந்த மலைநாட்டு மனிதர் மன்னிக்கப்படுகின்றனர். ஓர்க்குகள் காட்டுக்குள் ஓடி மறைகின்றன, ஒன்றும் மீளவில்லை. தன் காலடியில் விழுந்து இறந்த தென்னாட்டுப் போர்வீரன் ஒருவனைக் கண்டு, அவன் பெயர் என்ன, உண்மையில் தீயவனா, எந்தப் பொய்யை நம்பி வீட்டைவிட்டு வந்தான் என்றெல்லாம் சாம் எண்ணிப் பார்க்கிறான். அற்புதமான இடம். ஆனால் இறந்த ஓர்க்கு எதையும் கண்டு எவரும் அவ்வாறு எண்ணவில்லை.

இன்னொரு குறையையும் மறைக்கக்கூடாது. 1958இல் திரைக்கதை முயற்சியொன்றைப் பற்றி எழுதிய கடிதத்தில், தட்டை மூக்கு, மஞ்சள் பாரித்த தோல், சாய்ந்த கண் என்று ஓர்க்குகளை வர்ணித்த அவர், ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றவர்களாகத் தோன்றும் மங்கோலிய வகையினரின் சிதைந்த வடிவம் என்று ஒப்புமை கூறினார். ஆசியாவில் பிறந்து அவரை விரும்பிப் படிக்கும் எனக்கு அவ்வரி சுட்டது. இவரே 1938இல், தமது ஆரிய வம்சத்தை விசாரித்த ஜேர்மன் பதிப்பகத்தின் கேள்வியை அருவருப்போடு நோக்கியவர். இவரே 1944இல், இரண்டாம் உலகப் போரின்போது மகனுக்கு எழுதிய கடிதத்தில், மெய்யான உலகில் ஓர்க்குகள் இரு பக்கமும் இருக்கின்றன என்று எழுதியவர். பெரிய மனத்திலும் காலத்தின் கறை ஒட்டியிருக்கும். கறையையும் மனத்தையும் சேர்த்தே படிப்பதுதான் நேர்மையான வாசிப்பு.

நம் இலக்கியத்தில் இவ்வாறான பிறவிகளுக்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்று ஒப்பிடாமல் இருக்க இயலவில்லை. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பேய்களின் உடலையும் பசியையும் விரிவாகப் பாடினார். போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பரிமாறும்போது குருட்டுப் பேய்க்கும் செவிட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பங்கு உண்டு; கருவுற்ற பேயையும் அவர் மறக்கவில்லை. கம்பனின் அரக்கருள் கும்பகருணன் அண்ணனின் பிழையை எடுத்துச் சொல்லிவிட்டே சாகப் போகிறான். திரிசடை சீதைக்கு ஆறுதல் சொல்கிறாள். மண்டோதரி புலம்பி உயிர்விடுகிறாள். களத்தில் விழுந்தவனுக்கு வீட்டில் அழ ஒருத்தி உண்டு என்பதைக் கம்பன் காட்டாமல் விடவில்லை. ரொல்கீன் தம் கடிதங்களிலும் குறிப்புகளிலும் தேடித் தவித்த இடத்தை நம் கவிஞர் காவியத்துக்குள்ளேயே கொடுத்துவிட்டார்.

நேயர்களே, இங்கு என் சொந்த நினைவொன்றைச் சொல்ல அனுமதியுங்கள். இந்நாட்டில் போர் நடந்த காலத்திலேதான் நான் பள்ளிப் பையனாக வளர்ந்தேன். ஒருநாள் மாலை, அயலில் கேட்ட செய்தியை ஓடிவந்து வீட்டிற் சொன்னேன். "அம்மா, அங்காலை பத்து விழுந்ததாம்!" மற்றப் பக்கத்தில் இறந்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தோம். மற்றப் பக்கத்தார் எங்களைப் பற்றியும் அவ்வாறே சொல்லியிருக்கக்கூடும். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே, "பத்துப் பேர் எண்டு சொல்லு" என்றார். அவ்வளவுதான். பிறகு சோற்றைப் போட்டார். 'பேர்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இலக்கணம் இருக்கிறதென்று பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்ற பின்னரும் எனக்கு விளங்கவில்லை. என் மாணவனின் கேள்விக்கு விடை தேடிப் புத்தகங்களைப் புரட்டிய இரவிலேதான் விளங்கியது.

அடுத்த கிழமை அதே வகுப்புக்குச் சென்று, கரும்பலகையில் 'ஓர்க்குகள் வந்தன' என்று எழுதி, அதை அழித்து, 'ஓர்க்குகள் வந்தனர்' என்று எழுதினேன். காரணங்களையும் சொன்னேன். அவர்களுக்குப் பெயர் உண்டு, பேச்சு உண்டு, பாட்டு உண்டு, பழி உண்டு, வீட்டுக்குத் திரும்பும் ஆசை உண்டு. பிள்ளைகள் உண்டு, ஆகவே தாய்மாரும் உண்டு. கொடியவர்கள்தாம். எதிர்த்து நிற்க வேண்டியவர்கள்தாம். உயர்திணை என்பது நல்லவர்களுக்குக் கொடுக்கும் பரிசன்று. நரகரையும் அதற்குள் வைத்த நன்னூலார் இதை நன்கு அறிந்திருந்தார்.

பின் வாங்கில் இருந்த மாணவனைப் பார்த்து, உன் கேள்விக்குள்ளேயே விடை இருந்ததடா என்றேன். அவன் விழித்தான். 'அவைக்கு அம்மா இல்லையோ' என்று கேட்டாய். 'அதுகளுக்கு' என்று கேட்கவில்லை. எழுத்துத் தமிழில் 'அவை' அஃறிணை. ஆனால் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் மரியாதைக்குரிய மனிதரைத்தான் 'அவை' என்கிறோம். உன் வாய் முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று விளக்கினேன்.

முதல் மாணவன் தன் கொப்பியில் 'ஓர்க்' என்பதை வெட்டிவிட்டு, "அப்ப சேர், அஞ்சாவதுக்கு என்ன எழுதுறது?" என்று கேட்டான்.

"மோதிரம் எண்டு எழுது" என்றேன்.